முதுகில் எழுதிய சிங்கம்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் கணேசபாண்டியனின் இடது கண் தூங்கிவிடும், வலது கண் விழித்திருக்கும். குறட்டை சீராக வரும், நெஞ்சு ஏறி இறங்கும், கூப்பிட்டால் பதில் இருக்காது. ஆனாலும் அந்த ஒற்றைக் கண் மட்டும் தகரக் கூரையையும், ஒழுகலுக்குக் கீழே கட்டியிருந்த நீலத் தார்ப்பாயில் மழைத்தண்ணீர் தொப்பை போட்டுத் தொங்குவதையும் பார்த்தபடி கிடக்கும். புதிதாக யாராவது ஏணியேறி வந்தால், அவர் விழித்திருக்கிறார் என்று நினைத்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஊர்க்கதை பாதி சொல்லி முடித்த பிறகுதான் தூங்குகிற மனிதரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்து எழுந்து போவார்கள்.

அவர் மனைவி பேராச்சி எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, மாவுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வருவாள். கண்ணில் சொட்டு மருந்து விடுவாள். இமையை நடுவிரலால் மெல்லக் கீழே இழுத்து, காகிதப் பிளாஸ்திரி ஒட்டுவாள். "நீயும் தூங்கு" என்று அந்தக் கண்ணுக்குத் தனியாகச் சொல்வாள். புருஷனை ஒருநாளும் நீ என்று சொல்லாதவள். கண்ணைச் சொல்லலாம் போலிருக்கிறது.

தாராவியில் தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே போகிற சந்து ஒன்றில் அவர்கள் வீடு. கீழே தையல் பட்டறை, மேலே இவர்கள் அறை. நடுவில் இரும்பு ஏணி. கணேசபாண்டியன் தோல்பைப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். தோலை விரித்துப் பார்த்து, எங்கே தழும்பு, எங்கே மெலிவு என்று கண்டுகொண்டு கத்தி வைக்கிற வேலை. கண்ணை நம்பிப் பிழைக்கிற மனிதர். பேராச்சி மாட்டுங்கா கடைகளுக்குக் கைமுறுக்குச் சுற்றிக் கொடுப்பவள். கணபதி வரப்போகிற சமயம், கடைகள் நச்சரிக்கிற சமயம். மழைக்காலத்தில் ஈர அரிசி துணியில் உலரவே உலராது. மின்விசிறிக்குக் கீழே அரிசியைப் பரப்பிவிட்டு, மகளோடு சேர்த்து வீட்டில் மூன்று பேரும் வேர்வையில் நனைந்தபடி சுவரோரமாக ஒண்டிக்கொள்வார்கள். கொத்துமாவை விரலிடுக்கில் திருகித் திருகி அவள் சுற்றுகிற முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே கொட்டாவி வந்துவிடும்.

கணேசபாண்டியனின் முகம் கோணியது ஒரு காலையில். வாய் கொப்பளித்தார், தண்ணீர் வலது கடைவாய் வழியாகத் தானே வழிந்தது. சந்து முழுக்கப் பக்கவாதம் என்று பேச்சாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்துப் பக்கவாதம் இல்லை, முக நரம்பு வீங்கியிருக்கிறது, தானே சரியாகும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பேராச்சிக்கு அது போதவில்லை. தானே சரியாகிற சீக்கில் முழங்கால் எதற்குப் பூசணிக்காயாக வீங்க வேண்டும்? சாயங்காலமானால் எதற்குக் காய்ச்சல் வர வேண்டும்? மனிதர் எதற்கு இப்படி எந்நேரமும் அரைத் தூக்கத்தில் கிடக்க வேண்டும்? அவள் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை.

பதில் இசக்கிதுரை ரூபத்தில் ஏணியேறி வந்தது. இசக்கிதுரை குர்லாவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன். ஆடி அமாவாசைக்குக் கணேசபாண்டியனோடு ஊருக்குப் போய், மலையடிவாரத்துக் காட்டுக்குள் இருக்கிற அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கிவிட்டு வந்தவன். கையில் ரொட்டிப் பாக்கெட்டோடு வந்து உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, என்னயத் தெரியுதா?"

"கண்ணுதாம்ல மூடல" என்றார் கணேசபாண்டியன். உதடு ஒத்துழைக்காததால் வார்த்தையில் காற்றுக் கசிந்தது. "ஒன் மூஞ்சிய மறக்கதுக்கு எனக்குக் குடுப்பினை இல்ல."

"மைனி, ஆளு நல்லாத்தான் இருக்காவ!" இசக்கிதுரை சிரித்தான். "காட்டுல அடிச்ச கூத்துக்கு இதெல்லாம் பத்தாது. நேர்ச்சை ஆட்டோட ஆடால்ல படுத்துக் கெடந்தாவ. தரைல ஒரு சாக்கு, அதுல அண்ணாச்சி, அண்ணாச்சி மேல ஆடு! விடிஞ்சு பாத்தா முதுகுல ஒரு உண்ணி, ஆமணக்கு முத்துக் கணக்கா ஊதிப்போயி ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. நாந்தான் பிடுங்கி எறிஞ்சேன். அவியளுக்குத் தெரியவே தெரியாது. அப்பிடி ஒறக்கம்."

மகள் விஜயலட்சுமி அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செம்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசையில் வேலை. செருப்பை மாட்டியவள் அப்படியே நின்றாள்.

"எந்த எடத்துல மாமா?"

"இங்கன. வலப்பக்கம், தோள்பட்டைக்குக் கீழ."

முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்த பேராச்சியின் கை நின்றுவிட்டது. அந்த இடம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அங்கேதான் அக்கி வந்திருந்தது.

அக்கி விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கணேசபாண்டியன் ஊரிலிருந்து திரும்பிக் கொஞ்ச நாளில் முதுகில் சிவப்பாகத் தடித்தது. அரிக்கவில்லை, வலிக்கவுமில்லை, தொட்டால் சூடாக இருந்தது. பேராச்சி ஒரு பார்வை பார்த்தாள், அக்கி என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அக்கி வந்தால் எழுத வேண்டும். எழுதுவதற்குக் குயவர் கை வேண்டும். காவிமண்ணைக் குழைத்து அக்கியின் மேல் பூசி, அதன் மேல் சிங்கம் வரைந்துவிட்டால், சிங்கத்துக்குப் பயந்து அக்கி ஓடிவிடும். திருநெல்வேலிப் பக்கத்தில் இதைத் தெரியாதவர் உண்டா? தாராவியில் தமிழ்க் குயவர் யாரையும் அவளுக்குத் தெரியாது. அதனால் என்ன, கும்பார்வாடா முழுக்கக் குயவர்கள்தானே. அவர்கள் குஜராத்திகள் என்பதை அவள் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றும் மழைதான். கும்பார்வாடாவில் சூளைப் புகை மேலே போக வழியில்லாமல் ஆள் உயரத்தில் சந்து சந்தாகத் திரிந்துகொண்டிருந்தது. அதற்குள் நடக்கிறவர்களின் தலை ஒரு நேரம் தெரியும், கால் ஒரு நேரம் தெரியும். சட்டையைக் கழற்றி நின்ற புருஷனை முன்னால் தள்ளிக்கொண்டு போய், சக்கரத்தில் அகல்விளக்குச் செய்துகொண்டிருந்த மன்சுக் பாயின் முன் நிறுத்தினாள் பேராச்சி.

"பையா, இன்கா பீட்மே அக்கி ஆயா. ஆப் லிக்னேகா." முதுகில் அக்கி வந்திருக்கிறது, நீங்கள்தான் எழுத வேண்டும் என்பதற்கு அவளுடைய இந்தி அது.

மன்சுக் பாய்க்கு என்ன எழுதுவதென்று ஒன்றும் புரியவில்லை. "க்யா லிக்னேகா?"

"லால் மிட்டி லகாவ். உஸ்கே ஊப்பர் ஷேர் பனாவ். சிங்கம், சிங்கம்!" செம்மண்ணைப் பூசி அதன் மேல் போடச் சொல்லி, பேராச்சி பிடரியைக் கையால் விரித்துக் காட்டினாள்.

"பெஹன், மைன் மட்கா பனாதா ஹூன். டாக்டர் கே பாஸ் ஜாவ்." நான் பானை செய்கிறவன், டாக்டரிடம் போ என்றார்.

"டாக்டர்கோ ஷேர் பனானே ஆதா க்யா?" டாக்டருக்குச் சிங்கம் போடத் தெரியுமா என்று கேட்டாள் பேராச்சி.

மன்சுக் பாய் சக்கரத்தை நிறுத்திவிட்டு எழுந்தார். ஒட்டுவாரொட்டி நோயாக இருக்குமோ என்று பயந்துபோய், தோளில் கிடந்த துண்டை மூக்கோடு கட்டிக்கொண்டார். பானைக்குப் பூசுகிற காவிக் குழம்பில் கையை முக்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பானை துடைக்கிற மாதிரி முதுகைத் துடைத்துவிட்டார். ஆனால் மூங்கில் சிம்பை எடுத்துச் சிங்கம் வரைய ஆரம்பித்ததும் அவருக்கு ருசி வந்துவிட்டது. பிடரிக்குச் சுருள் சுருளாக மயிர் போட்டார். வாலைத் தூக்கி நுனியில் குஞ்சம் வைத்தார். கால் நகங்களைத் தனித்தனியாகக் கீறினார். அந்த வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் பானையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். சாரலுக்கு ஒதுங்கிக் கூரைக்குள் நின்ற கணேசபாண்டியன் கூச்சத்தில் நெளிந்தார், சிங்கமும் கூடவே நெளிந்தது. பேராச்சி தட்டில் தேங்காயும் வெற்றிலையும் வைத்துக் கொடுத்து, கும்பிட்டுவிட்டு வந்தாள்.

காவி தானாக உதிரும் வரை முதுகில் தண்ணீர் படவில்லை. உதிர்ந்தபோது சிவப்பும் வெளிறிப் போயிருந்தது. "பாத்தியளா? குஜராத்திச் சிங்கத்துக்கும் அக்கி பயப்படத்தான் செய்யுது" என்று சந்தில் ஒரு வீடு விடாமல் சொல்லிப் பெருமையடித்தாள் பேராச்சி. இசக்கிதுரை சொன்னதைக் கேட்டதும் அந்தப் பெருமைதான் இப்போது அவளை உறுத்தியது.

விஜயலட்சுமி வேலை பார்க்கிற கட்டிடத்திலேயே டாக்டர் ஷ்ருதி இருந்தாள். காரணம் தெரியாத காய்ச்சல், தொற்று வியாதிகளுக்கான ஸ்பெஷலிஸ்ட். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், வயது நாற்பதுக்குள். ஆட்டோவில் பிளாஸ்டிக் திரையை இறக்கிவிட்டுக்கொண்டு மூன்று பேரும் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர் முழங்காலை அமுக்கிப் பார்த்தாள். புருவத்தைத் தூக்கச் சொன்னாள், ஒன்றுதான் மேலே போனது. கன்னத்தை ஊதச் சொன்னாள், காற்று வலது பக்கமாகப் புஸ்ஸென்று போனது. நெஞ்சுக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு விஜயலட்சுமி சொன்ன உண்ணிக் கதையை இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"உண்ணி கடிச்சா வர்ற வியாதி நிறைய இருக்கு. அதுல லைம்னு ஒண்ணு. நம்ம தேசத்துல ரொம்ப அபூர்வம். நான் அமெரிக்கால டிரெயினிங்ல இருந்தப்போ நிறையப் பாத்திருக்கேன். முகம் இப்படிக் கோணும், முட்டி வீங்கும், காய்ச்சல் வரும். ஆனா அதுக்கு முன்னாடி, கடிச்ச எடத்துல ஒரு வட்டம் வரும். சிவப்பா, நாளுக்கு நாள் அகலமாயிண்டே போகும், நடுவுல வெளுக்கும். அந்த வட்டத்தைப் பாத்துட்டா டெஸ்டே வேண்டாம், மருந்தை ஆரம்பிச்சுடலாம். போட்டோ ஏதாவது எடுத்தேளா?"

விஜயலட்சுமி அம்மாவைப் பார்த்தாள். பேராச்சி தரையைப் பார்த்தாள்.

"எழுதிட்டோம்" என்றாள்.

"என்ன எழுதினேள்?"

"அக்கி, தாயி. காவிமண்ணப் பூசி, அதுமேல சிங்கம் எழுதிட்டோம்."

"முதுகுலயா?"

"ஆமா. கும்பார்வாடால."

சிரிக்கவில்லை அந்தப் பெண். அதற்காகவே அவளைக் கும்பிடலாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், "பூசறதுக்கு முன்னாடி நீங்க பாத்திருப்பேளே. வட்டமா இருந்ததா? நடுவுல வெளுப்பா இருந்ததா? கொப்புளம் இருந்ததா?"

பேராச்சி கண்ணை மூடி யோசித்தாள். சிவப்பு தெரிந்தது. காவி தெரிந்தது. சிங்கத்தின் வால் தெரிந்தது. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று எவ்வளவு துழாவியும் கிடைக்கவில்லை.

"அக்கின்னு நெனச்சிட்டுப் பாத்தேன் தாயி. அக்கியாத்தான் தெரிஞ்சிது."

"ரத்தம் எடுத்து அனுப்பறேன். ரிசல்ட் வர நாளாகும். அதையும் முழுசா நம்ப முடியாது. இது அதுவா இருந்தா, விட்டா மூட்டுக்குப் போகும், நெஞ்சுக்குப் போகும், நரம்பு நிரந்தரமா கெட்டாலும் கெடும். ஆனா வேற காரணத்தாலயும் முகம் கோணும். அவருக்கு ஏற்கெனவே வேற மாத்திரை வேற போயிண்டிருக்கு. குத்துமதிப்பா ஒண்ணைக் கொடுத்துட்டு உட்கார எனக்கு மனசு வரலை. அந்தத் தடிப்பை வேற யாராவது பாத்தாளா? யோசிச்சுட்டு நாளைக்கு வாங்கோ, எப்படியும் நாளைக்கு ஒரு முடிவு பண்ணிடலாம்."

திரும்பும்போது ஆட்டோ வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு நகரவேயில்லை. விஜயலட்சுமி முன்னால் சாய்ந்து டிரைவரோடு இந்தியில் வழி பேசிக்கொண்டிருந்தாள். கண்ணாடித் துளிகளில் விளக்குகளெல்லாம் கரைந்து ஓடின. கணேசபாண்டியன் காய்ச்சலோடு பேராச்சியின் தோளில் சாய்ந்திருந்தார். ஒரு கண் மூடியிருந்தது.

"ஏட்டி, ஒண்ணு சொல்லட்டா? சிரிக்கப்பிடாது."

"சொல்லுங்க."

"இந்தக் கண்ணு சொப்பனத்தப் பாக்குது. அந்தக் கண்ணு வீட்டப் பாக்குது. ரெண்டும் கலந்துபோவுது. நேத்து நீ ஆத்துக்கு நடுவுல அடுப்பப் போட்டு முறுக்குச் சுத்திக்கிட்டு இருக்க. தண்ணி ஒன்னச் சுத்திப் போவுது. அடுப்பு அணையல. முறுக்க எடுத்து எடுத்து ஆத்துல விடுத, அதெல்லாம் மீனாப் போவுது. நான் கரையில நின்னு, ஏட்டி, மாட்டுங்காக் கடைக்காரனுக்கு என்ன சொல்லப் போறன்னு கத்துதேன்."

பேராச்சிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "நான் மறைச்சிட்டேனே" என்றாள். "தெய்வமா முதுகுல எழுதிக் காட்டுன எழுத்து மேல நான்லா மண்ண வாரிப் பூசிட்டேன். ஒங்க மொகத்த நான்லா கோணவச்சிட்டேன்."

"மொகம் என்ன மொகம். முன்ன மட்டும் லட்சணமாவா இருந்துச்சு" என்றார் அவர். தூங்கிவிட்டார். வலது கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தூங்கிவிட்டார் என்று தெரிந்தும் அந்தப் பார்வையைத் தாங்க அவளால் முடியவில்லை, கையால் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மகளை இழுத்துக்கொண்டு கும்பார்வாடாவுக்குப் போனாள். மன்சுக் பாய் பச்சை அகல்களை மழைபடாத இடமாகப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். பேராச்சியைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அரே, ஷேர்வாலி பெஹன்! டீக் ஹோ கயா?" குணமாகிவிட்டதா என்று சிங்கக்கார அக்காவைக் கேட்டார்.

விஜயலட்சுமி இந்தியில் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா முகம் கோணியதை, டாக்டர் கேட்டதை. சிங்கம் நினைவிருக்கிறதா என்று கேட்டாள். அவருக்கு அப்படி நினைவிருந்தது! பிடரியில் எத்தனை சுருள், எந்தக் காலைத் தூக்கி வைத்தது, வால் எந்தப் பக்கம் திரும்பியது, எல்லாம் காற்றில் விரலால் வரைந்து காட்டினார்.

"அவுர் நீச்சே?" என்று கேட்டாள் விஜயலட்சுமி. "சிங்கத்துக்குக் கீழே என்ன இருந்தது?"

அவர் கை காற்றிலேயே நின்றது. "நீச்சே மைனே தேகா நஹி, பேட்டி" என்றார் தாழ்ந்த குரலில். "டர் லக்தா தா. மூஹ் குமாகே லகாயா."

கீழே பார்க்கவே இல்லையாம், பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பூசினாராம். பேராச்சிக்குப் புரிந்துவிட்டது. களிமண் மூட்டை மேல் உட்கார்ந்தாள். கட்டின மனைவியும் சரியாகப் பார்க்கவில்லை, பூசியவரும் பார்க்கவில்லை. கூட்டம் கூடி நின்றவர்கள் பார்த்ததெல்லாம் சிங்கத்தை. ஒரு மனிதனின் முதுகை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லையே என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. புகை அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. அங்கேயே தூங்கிப்போனால் தேவலை போலிருந்தது.

மன்சுக் பாய்க்கு அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, தன்னால் ஆனது ஒன்றைச் சொன்னார். அந்தச் சிங்கத்தைப் பார்த்துவிட்டுக் குஜராத்தில், தலாஜாவில் இருக்கிற தன் அண்ணன், இனி பானையை விட்டுவிட்டுப் படம் போடு என்று சொன்னானாம்.

விஜயலட்சுமி நிமிர்ந்தாள். "அவர் எப்படிப் பாத்தார்?"

"போட்டோ பேஜா நா!" என்றார் அவர்.

அன்று, வேலை முடிந்ததும், இவர்கள் கிளம்புவதற்கு முன்னால், தான் வரைந்த சிங்கத்தைத் தானே போனில் படம் எடுத்திருக்கிறார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். களிமண் கையைத் துடைத்துக்கொண்டு, கல்யாண போட்டோ, பேரன் போட்டோ எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி, கடைசியில் எடுத்துக் கொடுத்தார். சிங்கம் கம்பீரமாகத்தான் இருந்தது. விஜயலட்சுமி சிங்கத்தைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, காவி முடிகிற ஓரத்துக்குப் போனாள். வால் குஞ்சத்துக்கு அந்தப் பக்கம், காவி எட்டாத தோலில், சிவப்பாக ஒரு வளைவு வெளியே தெரிந்தது.

"எம்மா, இங்க பாரு" என்றாள்.

பேராச்சி பார்த்தாள். இந்தத் தடவை அக்கி என்று நினைக்காமல் பார்த்தாள். வளையலை உடைத்துப் பாதியை வைத்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் டாக்டர் ஷ்ருதி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "பாதிதான் தெரியறது" என்றாள். "ஆனா இவ்வளவு பெரிய வளைவு அக்கில வராது. கொப்புளமும் இல்லை. நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா இது போதும். வேற உண்ணிக் காய்ச்சலா இருந்தாலும் இதே மாத்திரைதான் கேக்கும். இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்." சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்துகொண்டு போட வேண்டும், போட்டதும் படுக்கக்கூடாது, பாலும் தயிரும் கூடச் சேரக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சீட்டைக் கொடுக்கும்போது நின்றாள். "சிங்கம் யார் போட்டா? நன்னா இருக்கு."

"ஒரு குஜராத்தி அண்ணாச்சி" என்றாள் பேராச்சி. சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இன்னொண்ணும் சொல்லணும். காய்ச்சல், முட்டி எல்லாம் கேட்டுடும்னு நம்பறேன். கண்ணும் வாயும் அநேகமா சரியாயிடும். ஆனா நாளாகும். சில பேருக்கு முழுசாத் திரும்பாமலும் போறதுண்டு. பிளாஸ்திரி ஒட்டறதை மட்டும் விட்டுடாதீங்கோ, கண்ணு காஞ்சா பார்வை போயிடும்."

முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதை, வீட்டில் படுத்திருந்த கணேசபாண்டியனிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பேராச்சி தயிர்ச்சோற்றை நிறுத்தி மிளகு ரசம் வைத்தாள். அவர் விழுங்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

முதலில் காய்ச்சல் விட்டது. பிறகு முழங்கால் வற்றி, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏணி வரை போனார். ரத்தப் பரிசோதனை வந்தது, இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டாக்டர் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றாள். மாத்திரை முடிந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது. சந்தில் கணபதி வந்தார், மேளம் தகரத்தில் இடித்து இடித்து எதிரொலித்தது, கணபதி கடலுக்குப் போனார். பேராச்சி முறுக்குச் சுற்றினாள், கண்ணில் மருந்து விட்டாள், பிளாஸ்திரி ஒட்டினாள். பட்டறை முதலாளி ஜெயினுலாப்தீன் வந்து பார்த்தார், அவசரமில்லை மாஸ்டர் என்றார். அவர் போன பிறகு கணேசபாண்டியன் பெட்டிக்கடியிலிருந்து தோல் துண்டு ஒன்றை எடுத்து மடியில் விரித்து வைத்துக்கொண்டார். வலது கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, திரும்பச் சுருட்டி வைத்துவிட்டார். இதைப் பேராச்சி அடுப்புப் பக்கத்திலிருந்து பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஏட்டி" என்றார் ஒருநாள். "நீ காவியப் பூசலேன்னா அந்த ஆளு போட்டோ எடுத்திருப்பானா? அதையும் நெனச்சுப் பாரு."

"காவியப் பூசாம நேரா டாக்டர்ட்ட போயிருந்தா போட்டோவே வேண்டியதில்லையே."

"ஒன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா" என்று படுத்துக்கொண்டார்.

மழை விட்டு விட்டுப் பெய்கிற நாட்கள் வந்தன. அப்படியொரு மத்தியானம் பேராச்சிக்கு மாட்டுங்காக் கடையிலிருந்து அவசர போன். டின்களை எடுத்துக்கொண்டு ஓடியவள், பிளாஸ்திரி ஒட்ட மறந்துவிட்டாள். கடையில் முறுக்கை எண்ணிக்கொடுக்கும்போதுதான் நினைவு வந்தது. பஸ் முழுக்க அவளுக்கு அந்தக் கண்தான். காய்ந்துபோய், தூசி விழுந்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண். இறங்கி ஓட்டமும் நடையுமாகச் சந்துக்குள் வந்தாள். ஏணி ஈரமாக இருந்தது, வழுக்கியது, ஏறினாள்.

கணேசபாண்டியன் மல்லாந்து படுத்திருந்தார். வாய் மூடியிருந்தது. குறட்டை இல்லை. இரண்டு கண்ணும் மூடியிருந்தன.

எத்தனை நாளாக அவள் பார்த்த முகம், ஒரு கண் திறந்த முகம். விழிக்காத கண்ணும் பேசாத வாயுமாக அந்த முகத்தை அவள் இப்போது பார்த்தபோது அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். கையிலிருந்த காலி டின்கள் கீழே விழுந்து உருண்டன.

"அய்யோ, என்னய விட்டுட்டுப் போயிட்டியளே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அவர் மேல் விழுந்தாள். "நான் சண்டாளி, ஒட்டாமப் போனேனே! ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியளே!"

கீழே தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஏணி அதிர்ந்தது. தையற்காரர்கள், எதிர்வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வாசலில் தலை நீட்டினார்கள்.

"எதுக்குட்டி இந்தக் கூப்பாடு போடுத?" என்று கணேசபாண்டியன் எழுந்து உட்கார்ந்தார். "இன்னைக்குத்தான் சொப்பனமில்லாம ஒறங்குதேன். அதுவும் பொறுக்கலயா ஒனக்கு?"

பேராச்சி அவர் முகத்தை இரண்டு கையிலும் பிடித்தாள். வலது கண் ஒரு தடவை சிமிட்டியது. கொஞ்சம் மெதுவாகத்தான். அந்தக் கண்ணைத் தொட அவளுக்குத் தைரியமில்லை.

"மூடுங்க" என்றாள்.

"என்னது?"

"இன்னொருக்க மூடுங்க."

அவர் அவளையும் வாசலில் நின்ற கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது, சொன்னபடி கேட்டுவிடுவது நல்லது என்று நினைத்திருப்பார் போல. படுத்தார். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

பேராச்சி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, அந்த இமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு உண்மையாகவே குறட்டை வந்துவிட்டது. வாசலில் நின்றவர்களில் யாரோ, என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

"ஒண்ணுமில்ல, அவிய தூங்குதாவ" என்றாள் பேராச்சி. "எல்லாரும் சத்தம் போடாமப் போங்க."